பெயர் மறைத்த வரைபடங்கள்

அலுவலகத்தில் அவளை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிவப்புப் பேனா என்பார்கள். கட்டடக் கலைஞர்களின் தேசியச் சங்கத்தில் அவள் துணைத் தலைவர். ஆனால் இந்தக் கதையில் அவள் செய்ததெல்லாம் ஒரு தம்பிக்கு அக்காவாகப் போனதால் செய்தது. அதனால் நாமும் அக்கா என்றே சொல்லிக்கொள்ளலாம்.

சிவப்புப் பேனா என்ற பெயர் சும்மா வரவில்லை. யார் வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாலும், வந்த ஆளை உட்காரச் சொல்வதற்கு முன்னால் பேனாவின் மூடியைக் கழற்றிவிடுவாள். குளியலறைக் கதவு இடிக்கும், இந்தத் தூண் காரை நிறுத்த விடாது, இங்கே மழைத்தண்ணீர் தேங்கும் என்று கோடு கோடாக விழும். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் மற்றவர்களுக்குப் பொறுக்காது.

அந்தச் சங்கம் தனக்கென்று ஒரு கட்டடம் கட்டிக்கொள்ள முடிவு செய்தது. ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுக்கிறவர்களின் சங்கம் அதுவரை ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தது. கீழே பல் பிடுங்குவார்கள், மேலே தீர்மானம் போடுவார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டுதான் படியேற வேண்டும். இந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் கடைசியில் இடம் வாங்கினார்கள், போட்டியும் அறிவித்தார்கள். எந்த உறுப்பினரும் வரைந்து அனுப்பலாம். வரைபடத்தில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது சங்கச் செயலாளர் ஒருவருக்கே தெரியும்.

நடுவர்கள் மூன்று பேர். அக்கா ஒருத்தி. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். பாதி உறுப்பினர்கள் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பாதி அவரிடம் தோற்றவர்கள். மூன்றாமவர் பாலங்கள் கட்டிப் பேர் வாங்கிய என்ஜினீயர். அவரை மேம்பாலம் என்றால்தான் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தொழிலில் நாலு பேரை ஓர் அறையில் உட்காரவைத்தால் ஒருவர் மற்றவருக்கு மாமனாராக இருப்பார், இல்லையென்றால் பழைய முதலாளியாக இருப்பார். நடுவரின் சொந்தக்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி போட்டால் போட்டிக்கு ஆளே தேறாது. அதனால் வேறு மாதிரி விதி இருந்தது. ஒரு வரைபடம் தன் உறவுக்காரருடையது என்று ஒரு நடுவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டால், அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதைப் பற்றிய பேச்சு முடிகிறவரை அறைக்கு வெளியே போய் உட்கார வேண்டும். இதற்கென்றே படிக்கட்டின் அருகே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த விதியை எழுதியவளே அக்காதான்.

தம்பியும் ஆர்க்கிடெக்ட். படித்து முடித்த கையோடு அக்காவின் அலுவலகத்தில் சேர்ந்து, ஜன்னலோர மேஜையில் பல வருஷம் வரைந்தவன். அவன் கை தனி. எந்தக் கட்டடத்தைக் கொடுத்தாலும் மாடிப்படி பாதி ஏறியதும் ஆள் நிற்க அகலமாக ஓர் இடம் விடுவான். அங்கே ஒரு ஜன்னல் வைப்பான், ஜன்னலடியில் உட்கார ஒரு பலகை போடுவான். கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படத்தில், அளவு தெரிவதற்காக எல்லோரும் சின்னச் சின்ன மனிதர்களைப் போடுவார்கள். தம்பி கூடவே படுத்துத் தூங்குகிற ஒரு நாயையும் போடுவான். இந்த நாய்க்கு அப்ரூவல் வாங்கியாச்சா என்று அக்கா கேட்பாள். அலுவலகமே சிரிக்கும்.

ஒரு பள்ளிக்கூட வேலையில்தான் வினை வந்தது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்கா அந்த மாடிப்படி இடத்தைச் சிவப்பில் ஒரே அடியாக அடித்தாள். பிள்ளைகள் நின்று கதையளக்க ஓர் இடம் எதற்கு, அடைத்து ஸ்டோர் ரூம் போடு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தான். அடுத்த மாதம், தனியாகத் தொழில் செய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். சண்டை என்று ஒன்றுமில்லை. சண்டை வந்திருந்தால் சமாதானமும் வந்திருக்கும் என்று அக்கா பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

அவன் தள்ளி ஒரு சின்ன ஊரில் அலுவலகம் போட்டான். சில வீடுகள், ஒரு கிளினிக், ஒரு மரக்கடை. ஒவ்வொன்றும் முடிகிற சமயத்தில், வந்து பாருக்கா என்று போனில் செய்தி அனுப்புவான். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குத் தலைபோகிற கூட்டம் ஒன்று இருக்கும். டிரைவரிடம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தனுப்புவாள். பிறகு செய்தி வருவது நின்றது. நின்றதை அக்கா கவனிக்கவே கொஞ்ச காலம் பிடித்தது. அதன் பிறகு அம்மா வீட்டில் பார்த்துக்கொண்டால் மழையைப் பற்றிப் பேசுவார்கள், அம்மாவின் சர்க்கரையைப் பற்றிப் பேசுவார்கள், கட்டடத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள். ரெண்டு பேரும் ஒரே படிப்பு படித்து என்ன பிரயோசனம், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறீர்கள் என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

அம்மாதான் சொன்னாள், தம்பி சங்கத்துப் போட்டிக்கு வரைகிறான் என்று. அக்காவுக்கு அன்றைக்கே மனதில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. நேரில் போய்க் கேட்க முடியாத மன்னிப்பை இப்படிக் கேட்டுவிடலாமே என்று. சங்கத்தின் கட்டடத்தையே கட்டியவன் என்றால் அப்புறம் அவனை யாரும் அசைக்க முடியாது. யார் செய்தது என்று அவனுக்குத் தெரியவும் வேண்டாம். அம்மா வீட்டில் என்றைக்காவது அவனே கட்டடப் பேச்சை எடுப்பான், அது போதும்.

நடுவர்கள் கூடிய அன்று, வந்த வரைபடங்களையெல்லாம் கயிறு கட்டி கிளிப் போட்டு சுவரோரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா வழக்கம்போலப் பேனாவைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாக நகர்ந்தாள். ஓர் இடத்தில் கால் நின்றுவிட்டது. மாடிப்படி பாதியில் அகலமான இடம், ஜன்னல், பலகை. குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தாள். தரைத்தளத்தில், தூண் நிழலில், நாய் ஒன்று படுத்திருந்தது.

அக்காவின் கண் கலங்கியே விட்டது. அந்த நிமிஷம் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். படிக்கட்டு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வாயைத் திறக்கவும் செய்தாள். டீ வந்தாச்சா என்று செயலாளரைக் கேட்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பல வரைபடங்கள் கழிந்துவிட்டன. கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்று, கப்பல் மாதிரி ஒன்று, என்னவென்றே தெரியாத ஒன்று. மத்தியானத்துக்கு மேல் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று நாய் படுத்திருந்த வரைபடம். இன்னொன்று பேராசிரியர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்ட வரைபடம். அதில் அலங்காரம் எதுவும் இல்லை. வாசலில் நுழைந்ததும் பெரிய, வெளிச்சமான ஒரு கூடம். சுவர் நெடுக உட்காருவதற்கு மரப்பலகைகள், குடிக்கத் தண்ணீர், சாமான் வைக்க இடம். தலைவர் அறையும் கூட்ட அறையும் அதற்குப் பின்னால் ஒதுங்கி, கொஞ்சம் வெட்கப்படுவது போல இருந்தன. வரைந்த கோடுகள் ஒல்லியாக, வறட்சியாக இருந்தன. மனிதர்கள் என்று போட்டிருந்தவை வெறும் நிழல்கள்.

பேராசிரியர் சொன்னார், ஏம்மா, இத்தனை வருஷத்தில் சங்கத்தை வாசலிலிருந்து பார்த்து வரைந்தவர் இவர் ஒருத்தர்தான், மற்றவர்கள் எல்லோரும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வரைந்திருக்கிறார்கள் என்று. மேம்பாலம் அந்தப் பக்கம் சாயத் தொடங்கினார். அவர் ஒரு தடவை சாய்ந்துவிட்டால் நிமிர்த்துவது கஷ்டம்.

அக்கா எழுந்தாள். அவளுக்கு வாதம் புரிவது தண்ணீர் பட்ட பாடு. நாய் படுத்திருந்த வரைபடத்தின் மாடிப்படியைப் பற்றிப் பேசினாள். மனிதர்கள் ஒருவரையொருவர் தற்செயலாகச் சந்திக்கிற இடம்தான் ஒரு சங்கத்தின் உயிர் என்றாள். பள்ளிக்கூடத்தில் எதை அடித்துத் தள்ளினாளோ அதையே இன்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள். பேசப் பேச அது அவளுக்கே உண்மையாகத் தோன்றியது. பிறகு மற்றதன் பக்கம் திரும்பி அதைக் கிழி கிழியென்று கிழித்தாள். இடத்தில் பாதியைக் கூடத்துக்குக் கொடுத்தவனுக்கு நிலத்தின் விலை தெரியுமா என்றாள். பேராசிரியர் ஏதோ சொல்ல வந்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேம்பாலம் நிமிர்ந்தார்.

தோற்ற வரைபடத்துக்கும் நடுவர் குழு இரண்டு வரி கருத்து எழுத வேண்டும் என்பது சங்கத்தின் பழக்கம். அனுப்பியவர் கற்றுக்கொள்ளட்டும் என்று. அந்தக் கூடத்துக்கான கருத்தை அக்காவே வாய்மொழியாகச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொண்டார். ‘யாரோ வருவார்கள் என்று நாள் முழுக்கக் காத்திருக்கும் கட்டடம். இதை வரைந்தவருக்கு வேறு வேலை இல்லை போலும்.’ மேம்பாலம் சிரித்தார். செயலாளர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து எழுதினார்.

எல்லாம் முடிந்ததும் அவர் வெற்றிபெற்ற எண்ணுக்குரிய பெயரைப் படித்தார். ஒரு கணவனும் மனைவியும். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள். அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு உங்க ஆபீஸ்லதான் மேடம் டிரெயினிங் எடுத்துச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றார் செயலாளர்.

ஞாபகம் இருந்தது, மங்கலாக. ஜன்னலோர மேஜையின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, தம்பி வரைவதையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அங்கே பார்த்துப் படித்ததை அவள் இன்றுவரை விடவில்லை. படியையும் ஜன்னலையும் மட்டுமல்ல, நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

அப்படியானால் தம்பியின் வரைபடம் எது? செயலாளரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அக்கா கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இல்லையென்றால் கப்பல். தம்பிக்குக் கப்பல் பிடிக்கும், சின்ன வயதில் காகிதத்தில் செய்வான். ஒரே ஒரு வரைபடத்தின் பக்கம் மட்டும் அவள் மனது போகவே இல்லை. போகவிடாமல் பார்த்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

பரிசளிப்புக்கு நூலகத்தின் கீழ்த்தளத்தை எடுத்திருந்தார்கள். எல்லா வரைபடங்களையும் வரைந்தவர் பெயரோடும் நடுவர் கருத்தோடும் மாட்டிவைப்பார்கள். அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் அக்கா காரில் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். கண்ணாடிப் பெட்டி வேறு யாரோ. கப்பல் வேறு யாரோ. அக்கா இரண்டடி பின்னாலேயே வந்தாள்.

"இங்க இருக்கு பாரு" என்றாள் அம்மா.

அந்தக் கூடம்தான். கீழே தம்பியின் பெயர். அதன் கீழே கருத்து. அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி அதைப் படித்தாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாக்குல நரம்பில்லாம எழுதியிருக்கான். யாருடி இது?"

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூரத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி வந்தபோது அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவன் தலையில் நரை கூடியிருந்தது. அம்மா வீட்டில் பார்த்த தலைதான், ஆனால் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அவன் தன் வரைபடத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எப்ப வந்தே என்றான். இந்த வரிகளை எழுத நாட்டிலேயே ஓர் ஆள்தான் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. கருத்தைப் படித்த மறுநிமிஷமே அவனுக்கு அது தெரிந்திருந்தது. சங்கம் அதன் பிரதியை அவனுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தது.

அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாய் படுத்திருந்த வரைபடம் அவனுடையது என்று நினைத்ததை, நாற்காலியில் போய் உட்காராததை, அதை ஜெயிக்கவைக்க இதைக் கிழித்ததை. இப்போதே தலைவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், போட்டி ரத்தாகட்டும், என்னைப் பதவியிலிருந்து எடுக்கட்டும் என்று கிளம்பியும் விட்டாள். தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? அங்க பாரு, அவங்க அப்பா அம்மாவக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு இருக்கு. நல்லாத்தான் வரைஞ்சிருக்கு. விடு."

"உன் கையின்னு நெனச்சேன்டா. சத்தியமா."

"அது என் கைதான். பழைய கை" என்றான் தம்பி. "நான் அப்படி வரையறத விட்டு ரொம்ப காலமாச்சு. வர்றவங்க சின்ன வீட்டுக்காரங்க. மாடிப்படியில ஜன்னல் வெச்சா அவங்களுக்கு ஒரு ரூம் போயிடுது. சுருக்கி சுருக்கி வேற மாதிரி ஆயிட்டேன். நீ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அம்மா வீட்டில் மழையைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேசுகிற அதே குரல்தான். அதனால் அக்காவுக்கு இன்னும் வலித்தது. கூடத்தைக் காட்டி, இது எதற்கு இவ்வளவு பெரிதாக என்று, கருத்து எழுதுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டாள். அவன் சொன்னான். வெளியூர் உறுப்பினர்கள் பதிவைப் புதுப்பிக்க நேரில் வர வேண்டும். காலையில் வந்தால் சாயங்காலம்வரை அந்தப் பல் மருத்துவமனைப் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும். ஒரு தடவை அவன் அப்படி நின்றுகொண்டிருந்தபோது அக்கா கூட்டத்துக்கு வந்து, போனில் பேசிக்கொண்டே அவனைத் தாண்டி மேலே போனாள். கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அவசரமாகப் போகிறாளே என்று விட்டுவிட்டான்.

அக்காவுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. எத்தனையோ நாள் அப்படி ஏறியிருக்கிறாள். நின்றவர்களையெல்லாம் பல்வலிக்காரர்கள் என்றே நினைத்திருக்கிறாள்.

"தோத்ததுக்கு எனக்கு வருத்தமில்லக்கா. அந்த வரி கூட சரி, உன் வாய் எனக்குத் தெரியாததா. வரைஞ்சு அனுப்பும்போதே நான் ஒண்ணு நிச்சயமா நெனச்சேன். என்னோடது வந்ததும் நீ பாத்த உடனே எந்திரிச்சு வெளிய போயிடுவே. நாற்காலியில உக்காந்து நகத்தைக் கடிச்சிட்டு இருப்பே. அத நெனச்சு நெனச்சு சிரிச்சுக்கிட்டே வரைஞ்சேன்."

அக்கா அழுதாள். சங்கத்துத் துணைத் தலைவர் அழுவதைப் பார்த்து, மேம்பாலம் தூரத்திலிருந்து கிட்டே வரப்போய், என்ன நினைத்தாரோ, திரும்பிவிட்டார். தம்பி அவளை மறைத்தாற்போல நின்றுகொண்டான். மேடையில் வெற்றிபெற்றவர்களை அழைத்தார்கள். இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு வருவதாகவும், அவன் கட்டியவற்றையெல்லாம் பார்க்கப்போவதாகவும், எந்தக் கூட்டம் வந்தாலும் விட்டுவிட்டு வருவதாகவும் சொன்னாள். தம்பி அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். பிறகு அக்காவின் தோளில் கை வைத்தான்.

"வா. ஆனா தெருவுல நின்னு எது என்னோடதுன்னு கண்டுபிடிக்கப் பாக்காதக்கா. நானே சொல்றேன்."